நீலக்கல் சாரின் குழி

"இருந்த கல்லு இல்லாமப் போகுமா, அம்மா?"

திருமேனி இதைக் கேட்டபோது தாட்சாயணி தன் சைக்கிளுக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தார்.

"கல்லு நடக்காது," என்றார். "யாராவது எடுத்திருக்கணும். இல்லேன்னா அது அங்க இருந்திருக்கவே கூடாது."

பம்பு மேலும் கீழும் போய் வந்தது.

தாட்சாயணி முப்பத்திரண்டு வருடம் மலை மலையாக நில ஆய்வு செய்து ஓய்வு பெற்றவர். கல்லின் பெயரை மலையில் வைத்தே சொல்வார். கழுத்தில் கயிற்றில் கட்டிய ஒரு லென்ஸ், ஒரு பேனாக்கத்தி, பிறகு நாக்கு. அவ்வளவுதான் கருவி. அவர் ஒரு பெயர் சொல்லிவிட்டால் துறையில் யாரும் மறுத்துப் பேசுவதில்லை.

திருமேனிக்கு ஐம்பத்து மூன்று வயது. ஒரு கல்லூரியில் நிலவியல் துறைத் தலைவர். வேலை தொடங்கிய முதல் இரண்டு வருடம் இந்த அம்மாவின் பின்னால் பை சுமந்து நடந்தவர். அதன் பிறகு இருபத்து நான்கு வருடங்களில் இரண்டு முறைதான் பார்க்க வந்தார். இரண்டு முறையும் பழம் வாங்கி வந்தார். இன்று வெறுங்கையாக வந்திருந்தார்.

"எந்தக் கல்லு?"

"என் கல்லுதான், அம்மா."

அதற்கு மேல் விளக்கம் வேண்டியிருக்கவில்லை. அந்தக் கல் சஃபிரின். பார்க்க நீலமணி போல இருக்கும். நீலமணி இல்லை. பூமிக்கு அடியில் பெருஞ்சூட்டில் பிறக்கும் ஒரு சிலிக்கேட். அது கிடைப்பதே அபூர்வம். வெள்ளை வெள்ளையாகக் குவார்ட்ஸ் ஓடும் பாறையில் கிடைப்பது அதைவிட அபூர்வம். அப்படி ஒரு பாறையிலிருந்து அதை உடைத்து எடுத்ததாக இருபத்து நான்கு வருடங்களுக்கு முன் திருமேனி ஒரு கட்டுரை எழுதினார். பதவியும் பெயரும் அந்தக் கட்டுரையால் வந்தவை.

கல் மட்டும் என்றால் இவ்வளவு பேச்சு இருந்திருக்காது. அது இருந்த இடம்தான் அதிசயம்.

"இப்ப என்ன?"

"வியாழக்கிழமை அந்தக் கல்லைத் தேடி ஒரு குழு வருது. துளை போட்டு வெடி வைக்கப் போறாங்க."

"எங்க?"

"புளியங்கரட்டுப் பாறைல. ஊர்க்காரங்க கதிரடிக்கிற பாறை. பதினாலு வீட்டுக்கும் அது ஒண்ணுதான் களம். புறம்போக்கு நிலம், அனுமதி வாங்கிட்டாங்க."

"நீ என்ன செய்யணும்?"

"கல்லு எடுத்த இடத்தைக் காட்டிக் கையெழுத்துப் போடணும்."

"போடாதே."

"போடலைன்னா ஏன்னு கேப்பாங்க, அம்மா."

தாட்சாயணி பம்பை நிறுத்தினார்.

திருமேனி தரையைப் பார்த்துக்கொண்டு வேகமாகப் பேசினார். "மேலாகவே ஒரு துணுக்குக் கெடச்சாப் போதும், வெடி வேண்டாம்னு சொல்லியிருக்காங்க. நானும் நாலு தடவை போய்த் தேடிட்டேன். கண்ணுல படல. நீங்க ஒரு நாள் வந்து, ஆமா இங்க இருக்குன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும். அங்க கதிரடிக்கிற பொம்பளைங்களோட களம் தப்பிச்சிரும்."

"பொம்பளைங்களோட களம்," என்றார் தாட்சாயணி.

டயரை விரலால் அழுத்திப் பார்த்தார்.

"அன்னைக்கு எழுதின நோட்டு இருக்கா?"

இருந்தது. கேட்பார் என்று தெரிந்துதான் கொண்டுவந்திருந்தார். கொடுக்கும்போதுதான் கொண்டுவந்திருக்க வேண்டாம் என்று தோன்றியது.

தாட்சாயணிக்கு நோட்டு விஷயத்தில் ஒரு பிடிவாதம் உண்டு. பாறை முன்னால் நின்றபடியே எழுத வேண்டும். அழிக்கக் கூடாது. 'உக்காந்தா கண்ணு எழுதாது, மனசு எழுத ஆரம்பிச்சிரும்' என்பார். அந்த நோட்டில் எழுத்தெல்லாம் காற்றில் ஆடியது போலக் கோணலாக இருந்தது. ஒரு பக்கத்தில் தாட்சாயணியின் விரல் நின்றது.

'நீலக் கனிமம். கொட்டைப்பாக்கு அளவு. நிலைப்பாறையிலிருந்து உடைத்தது.' நிலைப்பாறை என்றால் பூமியோடு ஒட்டி, இருந்த இடத்திலேயே இருக்கும் பாறை.

"இந்தக் கடைசி வரி மட்டும் அழகா இருக்கு," என்றார்.

"அன்னைக்கு மழை, அம்மா. ஜீப்புல உக்காந்து எழுதினேன்."

தாட்சாயணி மேலே உள்ள வரியைப் பார்த்தார். அதில் கோணலான எழுத்தில் 'நல்ல வெயில்' என்று இருந்தது. அதை அவர் வாய்விட்டுப் படிக்கவில்லை. நோட்டை மூடிக் கொடுத்தார்.

"நாளைக்குப் போலாம். சுத்தியல் கொண்டுவராதே."

*

பாறைக்கு ஏறுமுன் செருப்பைக் கழற்ற வேண்டும். அது தானியம் விழுகிற இடம்.

மாசி முடியப் போகிற நேரம். காலை ஒன்பதரைக்கே பாறை சூடேறத் தொடங்கியிருந்தது. மேலே ஐந்தாறு பெண்கள் கொள்ளுச் செடியைப் பரப்பி அடித்துக்கொண்டிருந்தார்கள்.

"வந்துட்டாருடி நீலக்கல்லு சாரு," என்றாள் ஒருத்தி. நாற்பது வயது இருக்கும். பெயர் நாச்சம்மா. "இந்த வாட்டி ஆளு கூட்டியாந்திருக்காரு. வாங்கம்மா. இவருக்கு நீங்க அக்காவா?"

"வாத்தியார்," என்றார் தாட்சாயணி.

"அப்ப நல்லாக் கேளுங்க. நாலு தடவையா வந்து குனிஞ்சு குனிஞ்சு பாக்குறாரு. என்ன தொலைச்சாருன்னு சொல்ல மாட்டேங்குறாரு."

பெண்கள் சிரித்தார்கள். திருமேனியும் சிரித்து வைத்தார்.

பாறை முழுக்கக் குழிகள். கையளவில் சில, அண்டா அளவில் சில. கட்டுரையைப் படித்துவிட்டு வந்தவர்கள் உடைத்தவை. இருபத்து நான்கு வருடமாக வந்துகொண்டே இருந்தார்கள். ஒருவருக்கும் ஒன்றும் கிடைக்கவில்லை. கிடைக்காததால் அடுத்தவர் இன்னும் ஆழமாக உடைத்தார்.

"எல்லாத்துக்கும் பேரு இருக்கும்மா," என்றாள் நாச்சம்மா. முறத்தை நீட்டிக் காட்டினாள். "இது வெள்ளக்காரர் குழி. அது பஸ்ஸுல வந்த பிள்ளைகளோட குழி. அந்தா, அது மீசைக்காரர் குழி. அடிச்ச கொள்ளுல ஒரு படி அதுக்குள்ள போயிரும். விரல விட்டு ஒண்ணொண்ணாப் பொறுக்கணும்."

முறத்தைத் தாழ்த்தினாள்.

"அதுலதான் எங்க நாத்தனா கால ஒடச்சுக்கிட்டா."

பாறையின் ஓரத்தில் ஒருத்தி சிந்திய கொள்ளைக் கூட்டிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு அடிக்கும் இடுப்பு ஒரு பக்கம் இறங்கி ஏறியது.

"முத்துப்புள்ள, சாரு உன்னயப் பாக்குறாரு."

"பாத்து என்ன பண்ணப் போறாரு," என்றாள் முத்துப்பிள்ளை. திரும்பாமலே கூட்டினாள்.

"ஆமா சார்," என்றாள் நாச்சம்மா, "உங்க குழி எது? எல்லாருக்கும் மொதல்ல ஒடச்சது நீங்கதானாமே. நாங்களும் நெனச்சு நெனச்சுப் பாக்குறோம். உங்க குழிதான் எங்களுக்கு ஆப்புடல."

தாட்சாயணி புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவரைப் பார்த்தார்.

திருமேனி ஒரு குழியைக் காட்டினார். சிறியது, வட்டமானது, தெற்கு ஓரத்தில் இருந்தது.

"அதா? அது பந்தக்கால் ஊன எங்க மாமனார் வெட்டுனது சார்."

இந்த முறை யாரும் பெரிதாகச் சிரிக்கவில்லை. அதுதான் அவருக்குக் கஷ்டமாக இருந்தது.

*

திருமேனி தேடினார். முழங்காலில் நின்று, ஒரு சாண் ஒரு சாணாக.

தாட்சாயணி தேடவில்லை. நடுப்பாறையில் ஈரச் சாக்கை விரித்து அதன் மேல் உட்கார்ந்துகொண்டார். பெண்கள் கொடுத்த கூழைக் குடித்தார்.

பதினோரு மணிக்குத் திருமேனி ஒரு குழியிலிருந்து சில்லு ஒன்றைக் கொண்டுவந்தார். அதில் ஒரு நீலப் புள்ளி. தாட்சாயணி அதை வாங்கியதும் 'ஸ்ஸ்' என்று கை மாற்றினார். ஊதி ஊதி ஆற்றினார். பிறகுதான் நாக்கால் நனைத்தார். நனைத்தால் நிறம் தெளியும்.

"திருப்பு," என்று கொடுத்தார்.

திருமேனி வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பினார். நீலம் வடிந்து, அழுக்குத் தண்ணீர் போல ஆனது. மறுபடி திருப்பினால் மறுபடி நீலம்.

"கார்டியரைட்," என்றார். அதுவும் நீலம்தான், ஆனால் திருப்பினால் நிறம் போய்விடும் வேறு கல்.

"அது உனக்குத் தெரியாதா?"

தெரியும். இந்தக் கல்லைத் திருப்பிப் பார்க்கச் சொல்லிக்கொடுத்தவர் இந்த அம்மாதான். கொண்டுவரும்போதே தெரிந்தது. இருந்தும் கொண்டுவந்தார். ஒருவேளை அம்மாவின் கண் தவறலாம் என்று நினைத்தாரோ? அந்த நினைப்பைத் திரும்பிப் பார்க்க அவருக்குப் பிடிக்கவில்லை.

பன்னிரண்டரைக்கு வெயில் நேராக இறங்கியது. உள்ளங்கால் இரண்டும் எரிந்தன. ஒரு காலை வைத்து மறு காலை எடுத்து நடந்தார். வடக்கு ஓரத்துக்குப் போனார். அங்கிருந்து பார்த்தால் தாட்சாயணியின் முதுகு மட்டும் தெரிந்தது.

பேன்ட் பையில் கைக்குட்டைக்குள் அந்தக் கல் இருந்தது. அவருடைய கல். பாதியை ஆய்வுக்கு அறுத்தது போக மீதி. இருபத்து நான்கு வருடம் மேஜை இழுப்பறையில் இருந்தது. எண் எழுதியிருந்த வெள்ளைப் பெயின்டை இன்று காலையில் பிளேடால் சுரண்டியிருந்தார். சுரண்டிய இடத்தில் மண் தேய்த்திருந்தார்.

இது களத்துக்காக, என்று சொல்லிக்கொண்டார். பதினாலு வீட்டுக்காக. முத்துப்பிள்ளைக்காக.

அப்படியானால் ஏன் முதுகைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாய்?

குனிந்தார். ஒரு குழியின் விரிசலில் கல்லைச் செருகினார். சுற்றிலும் புழுதியைத் தூவினார். எட்டி நின்று பார்த்தார். நன்றாகத்தான் இருந்தது. பிறந்ததிலிருந்து அங்கேயே இருப்பது போல இருந்தது.

"அம்மா," என்று கூப்பிட்டார்.

*

தாட்சாயணி சாக்கைவிட்டு எழுந்து வந்தார். பெண்கள் அடிப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

குனிந்தார். விரிசலில் விரல் விட்டுக் கல்லை எடுத்தார். லென்ஸைக் கண்ணருகே வைத்து, கல்லை லென்ஸருகே கொண்டுவந்தார். வெகுநேரம் பார்த்தார். கத்தி முனையால் கீறினார். திருப்பினார். மறுபடி திருப்பினார். நாக்கில் வைத்தார். நிதானமாக எடுத்தார்.

"சஃபிரின்," என்றார்.

திருமேனியின் கண்ணில் நீர் வந்துவிட்டது. அது நடிப்பு இல்லை. அந்த ஒரு வார்த்தைக்காக அவர் இருபத்து நான்கு வருடம் காத்திருந்தார். அன்று அந்தக் கல்லை முதலில் இந்த அம்மாவிடம்தான் காட்டியிருக்க வேண்டும். காட்டவில்லை. காட்டினால் என்ன கேட்பார் என்று தெரியும். என்ன கல் என்று கேட்க மாட்டார். எங்கே இருந்தது என்று கேட்பார்.

"எழுது," என்றார் தாட்சாயணி.

திருமேனி நோட்டை எடுத்தார்.

"நீலம்."

எழுதினார்.

"கத்தி கீறல."

எழுதினார்.

"திருப்பினாலும் நீலம் போகல."

எழுதினார்.

"இன்னும் ஒண்ணு பாக்கி. இடது கையை நீட்டு."

பென்சிலை நோட்டுக்குள் வைத்து அக்குளில் இடுக்கிக்கொண்டு இடது கையை நீட்டினார். தாட்சாயணி அதே குழிக்குள் கைவிட்டு, அதே விரிசலின் பக்கத்தில் கிடந்த ஒரு சில்லை எடுத்து, அவர் உள்ளங்கையில் வைத்தார்.

திருமேனி கையை உதறினார். சில்லு பாறையில் விழுந்து உருண்டது. கையில் சிவப்பாக ஒரு தடம்.

"இப்ப வலது கை."

நீலக்கல்லை அதில் வைத்தார்.

கல் இளம்சூடாக இருந்தது. அவர் தொடையின் சூடு. கைக்குட்டைக்குள் இருந்த சூடு.

உள்ளங்கால் இரண்டும் எரிந்துகொண்டுதான் இருந்தன. காலையிலிருந்து எரிகின்றன.

"எழுது," என்றார் தாட்சாயணி.

"என்னன்னு எழுத, அம்மா?"

"கையில என்ன தெரிஞ்சதோ அதை."

அவர் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் திருமேனிக்கு எதையாவது பிடித்துக்கொள்ள முடிந்திருக்கும்.

நின்றபடியே எழுதினார். எழுத்து கோணிக்கொண்டு போனது. முன்பு எழுதிய மூன்று வரிக்குக் கீழே நாலாவதாக 'பாறை சுடுகிறது, கல் சுடவில்லை' என்று எழுதி, நோட்டை நீட்டினார். தாட்சாயணி வாங்கவில்லை. லென்ஸை ரவிக்கைக்குள் போட்டுக்கொண்டார். திரும்பி மலையைப் பார்த்தபடி நின்றார்.

நாச்சம்மா முறத்தோடு வந்தாள்.

"என்ன சார், கெடச்சிருச்சா?"

திருமேனி அம்மாவைப் பார்த்தார். அம்மா மலையைப் பார்த்தார்.

"இல்லம்மா."

"கையில நீலமா வச்சிருக்கீங்களே."

"இது நான் கொண்டாந்தது."

"அப்ப நாளன்னைக்கு வெடிக்க வருவாங்களா? மாட்டை எல்லாம் எங்கிட்டுக் கொண்டுபோய்க் கட்டுறதுன்னு கேட்டுக்கிட்டிருக்காங்க ஊருல."

"வர மாட்டாங்க. நான் சொல்லிடுறேன்."

"நீங்க சொன்னாக் கேப்பாங்களா?"

"கேப்பாங்க." நோட்டை மூடினார். "அந்தக் கல்லு இந்தப் பாறையில இருந்ததே இல்லம்மா. கீழ ஓடையில உதிரியாக் கெடந்துச்சு. வெள்ளத்துல எங்கிருந்தோ உருண்டு வந்தது. நான்தான் பாறையில ஒடச்சேன்னு எழுதினேன்."

கொள்ளடிக்கும் சத்தம் எப்போதோ நின்றிருந்தது. முத்துப்பிள்ளை விளக்குமாற்றை ஊன்றிக்கொண்டு நின்றாள்.

நாச்சம்மா திட்டவில்லை. பாறையை ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை பார்த்தாள். வெள்ளைக்காரர் குழி, பிள்ளைகள் குழி, மீசைக்காரர் குழி. பிறகு காலையில் கேட்டதையே கேட்டாள். இப்போது அதில் கேலி இல்லை.

"அப்ப உங்க குழி எது சார்?"

திருமேனி நீலக்கல்லைப் பாறையில் வைத்தார்.

"எல்லாம்," என்றார்.